பரிசத்துக்கு ஒரு வைர மோதிரம்



நம் வீடுகளில் பரிசம் போடுவதென்றால் முன்பெல்லாம் தட்டுகளில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், பூ, சேலை, கற்கண்டு இவைதாம் இருக்கும். வசதிக்கேற்ப ஒரு சங்கிலியோ வளையலோ வைப்பார்கள். இப்போது அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு பெட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் மோதிரம். அந்த மோதிரத்தில் ஒரு கல் இருக்க வேண்டும், அந்தக் கல் வைரமாகவும் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அறிந்து போக வேண்டும். இன்று அதைப் பற்றித்தான் பேசவிருக்கிறோம்.

இதைப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஏமாந்தவர்கள் என்ற தகுதிதான்.

2009-ஆம் ஆண்டு எங்கள் தம்பிக்குப் பரிசம் போட்டோம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றிச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தார். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்து நகைக்கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மோதிரத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். கல் பளபளவென்று மின்னியது. “வைரம்தானே?” என்று அம்மா கேட்டார். “அசல் வைரம், அம்மா” என்றார் அவர். பணத்தைக் கொடுத்தோம், ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம், வந்துவிட்டோம்.

2013-இல் பெண்ணின் தகப்பனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. தம்பி மனைவி அந்த மோதிரத்தை விற்றுச் செலவுக்குக் கொடுக்க நினைத்தார். கொண்டுபோன இடத்தில் தங்கத்தை மட்டும் நிறுத்தார்கள். “கல்லுக்கு ஒன்றும் இல்லை, இது ஸிர்கோனியா” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதில் “கல் வைத்த மோதிரம் 1” என்று மட்டுமே எழுதியிருந்தது. வைரம் என்ற சொல்லே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற நாங்கள், கையிலிருந்த ரசீதை வாசிக்கவில்லை.

பணம் போனது ஒரு பக்கம். சம்பந்தி வீட்டார், நாங்கள் தெரிந்தே போலியைப் போட்டுப் பெண் கேட்டோம் என்று எண்ணிக்கொண்டார்கள். இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வரவில்லை. அந்த வருத்தம் வேறு எந்தத் தோட்டத்து வீட்டுக்கும் வரக் கூடாது என்பதற்காகவே நாங்கள் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், வைரம் என்பது என்ன? அடுப்புக் கரியும் பென்சிலின் உள்ளே இருக்கும் கறுப்பும் எந்தப் பொருளோ, வைரமும் அந்தப் பொருள்தான். அதன் பெயர் கரிமம். பூமிக்கு அடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரிமம் இறுகி வைரமாகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய கற்கள் பல உண்டு. பழங்காலத்து எரிமலைகள் அவற்றை மேலே கொண்டுவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்த பெரிய நாடு இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களின் கற்கள் கோல்கொண்டா வைரங்கள் என்று பெயர் பெற்றன. பிறகு பிரேசிலிலும், 1867-க்குப் பின் தென்னாப்பிரிக்காவிலும் வைரம் கிடைத்தது. நமக்கு அருகில் போர்னியோ தீவின் மார்த்தாபுராவிலும் வைரம் எடுத்திருக்கிறார்கள்.

வைரத்தைச் சோதித்து வாங்குவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் இளங்கோவடிகள் வைரத்துக்கு நான்கு குற்றங்களைக் குறிப்பிடுகிறார். காக்கையின் கால்போன்ற கீறல் காகபாதம். கறை படிந்தது களங்கம். புள்ளி விழுந்தது விந்து. கோடு ஓடியது ஏகை. இவை இல்லாத கல்லே நல்ல கல். இன்றைக்குப் பரிசோதனைக் கூடங்களில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களும் ஏறக்குறைய இவற்றையேதான் தேடுகிறார்கள்.

ஆனால் கல்யாண நிச்சயத்துக்கு வைர மோதிரம் போடும் வழக்கம் நம்முடையதன்று. நம்மவர்களில் வசதி படைத்தவர்கள் வைரத்தைத் தோட்டிலும் மூக்குத்தியிலும்தான் பதித்தார்கள். நிச்சய மோதிரத்தில் வைரம் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதில் வைர நிறுவனமான டி பியர்ஸ் செய்த விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வைரம் என்றைக்கும் அழியாதது என்ற பொருளில் அமைந்த அதன் புகழ்பெற்ற விளம்பர வாசகம் 1947-இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. ஆகவே, வைரம் இல்லாவிட்டால் பரிசம் குறைந்துபோகும் என்று எவரும் கலங்க வேண்டாம். வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் மேற்கொண்டு கேளுங்கள்.

வைரத்தின் தரத்தை நான்கு வகையில் அளக்கிறார்கள். எடை, வெட்டு, நிறம், தெளிவு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது எடை. வைரத்தை நிறுப்பது கேரட் கணக்கில். ஒரு கேரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 கிராம். எட்டுப் பத்து அரிசி மணிகளின் எடைதான் இருக்கும். ஒரு கேரட்டை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். கடையில் 10 சென்ட் கல், 20 சென்ட் கல் என்று சொல்வது இதைத்தான். காசுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. தங்கத்துக்கும் கேரட் என்கிறோம். அது எடையன்று, தரம். 916 என்று முத்திரையிட்ட தங்கம் 22 கேரட், 750 என்று முத்திரையிட்டது 18 கேரட். “18 கேரட் வைர மோதிரம்” என்று கடைக்காரர் சொன்னால் 18 என்பது தங்கத்தின் தரமே தவிர வைரத்தின் எடை ஆகாது.

எடை கூடக் கூட விலை அதைவிட வேகமாக ஏறும். ஒரே தரமான 20 சென்ட் கற்கள் ஐந்தைச் சேர்த்தால் ஒரு கேரட். ஆனால் ஒரு கேரட் எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை அந்த ஐந்தின் மொத்த விலையைவிட மிக அதிகம். பெரிய கல் கிடைப்பது அரிது என்பதே காரணம். அளவிலோ அவ்வளவு வேற்றுமை தெரியாது. வட்டமாக வெட்டிய 10 சென்ட் கல்லின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 50 சென்ட் கல்லின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். எடை ஐந்து மடங்கு, அகலம் இரண்டு மடங்குகூட இல்லை. அதேபோல 50 சென்ட் வாங்குவதைவிட 47, 48 சென்ட் கல் வாங்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கைக்காசு மிஞ்சும்.

இரண்டாவது வெட்டு. பட்டை தீட்டுவது என்று நாம் சொல்வது இதுதான். நான்கிலும் இதுவே தலையாயது என்று சொல்லுவோம். மற்ற மூன்றும் மண்ணுக்குள்ளேயே அமைந்தவை. வெட்டு மட்டும் மனிதன் கை கொடுப்பது. வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். மேலே விழும் வெளிச்சம் உள்ளே போய், அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி, நம் கண்ணுக்கே வந்து சேரும்படி அந்தப் பட்டைகளின் சாய்வு அமைய வேண்டும். அந்தச் சாய்வுக் கணக்கை 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் நூலாக எழுதி வெளியிட்டார். கல் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தால் நடுவில் இருண்டு தெரியும். தட்டையாக இருந்தால் மீன்கண் போல வெளிறித் தெரியும். எடை குறையக் கூடாது என்பதற்காகச் சிலர் அடிப்பாகத்தைத் தடிப்பாகவே விட்டுவிடுவார்கள். கல் மேலே பார்க்கச் சிறிதாக இருக்கும், விலை மட்டும் எடைக்குத் தக்கபடி இருக்கும். ஆகவே நன்றாக வெட்டிய சிறு கல்லை வாங்குங்கள்; மோசமாக வெட்டிய பெரிய கல்லை வாங்காதீர்கள்.

மூன்றாவது நிறம். இதை ஆங்கில எழுத்து வரிசையில் குறிப்பார்கள். ‘டி’ என்றால் நிறமே இல்லாத கல். அங்கிருந்து ‘இசட்’ வரை போகப் போக மஞ்சள் கூடும். ‘டி’, ‘இ’, ‘எஃப்’ ஆகியவை விலை மிகுந்தவை. ஆனால் நம்மவர்கள் போடுவது மஞ்சள் தங்கம். அந்தத் தங்கத்தில் பதித்தால் ‘ஐ’, ‘ஜே’ நிறக் கற்களும் வெள்ளையாகவே தெரியும். வெள்ளைத் தங்கத்துக்கு வேண்டிய நிறத்தை மஞ்சள் தங்கத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நிறம் பார்க்கும்போது கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கடை விளக்குக்கு அடியில் பார்க்காதீர்கள். அந்த விளக்கில் கண்ணாடித் துண்டுகூட மின்னும். வாசலோரம் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இங்கே ஒரு சொல்லையும் கவனியுங்கள். “புளூ ஜாகர்” வைரம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் எடுத்த கற்களுக்கு வந்த பெயர் அது. அந்தச் சுரங்கத்தில் வேலை 1971-இல் நின்றுவிட்டது. இன்று கடையில் சொல்லப்படும்போது அது பெரும்பாலும் ஒரு வியாபாரப் பெயர்தான். பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது தெளிவு. இளங்கோவடிகள் சொன்ன குற்றங்கள் இதில்தான் வருகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்து வகை பிரிப்பார்கள். குற்றமே தெரியாதது ‘எஃப்.எல்.’. அதற்குக் கீழே ‘ஐ.எஃப்.’, ‘வி.வி.எஸ்.’, ‘வி.எஸ்.’, ‘எஸ்.ஐ.’ என்று இறங்கி, வெறுங்கண்ணுக்கே குற்றம் தெரியக்கூடிய ‘ஐ’ வகையில் முடியும். மோதிரத்தைக் கண்ணாடி வைத்துக்கொண்டு எவரும் பார்க்கப் போவதில்லை. ‘வி.எஸ்.’ போதும், நல்ல ‘எஸ்.ஐ.’ கல்லும் போதும். ஒன்று மட்டும் கவனம். காகபாதம் போன்ற கீறல் கல்லின் ஓரம் வரை ஓடியிருந்தால் அது வேண்டாம். இடிபட்டால் அந்த இடத்தில் உடையக்கூடும். வைரம் உடையாது என்பது தவறான எண்ணம். வைரத்தை இன்னொரு வைரம்தான் கீறும் என்பது உண்மை. ஆனால் சுத்தியலால் அடித்தால் நொறுங்கிவிடும். அசலா என்று பார்க்க அடித்துப் பார்த்த கதைகள் எல்லாம் நல்ல கல்லைக் கெடுத்த கதைகளே.

சரி, அசலையும் போலியையும் எப்படிப் பிரிப்பது? “அமெரிக்கன் டைமண்ட்” என்று விற்பது பெயரில்தான் வைரம். அதுதான் நாங்கள் ஏமாந்த ஸிர்கோனியா. விலை மிகக் குறைவு. கல்மேல் வாயால் ஊதினால் வைரத்தில் படிந்த ஆவி உடனே மறையும், போலியில் சற்று நேரம் நிற்கும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்துவிடக் கூடாது. மொய்சனைட் என்று இன்னொரு கல் உண்டு. கடைகளில் கல்லைத் தொட்டுப் பார்க்கும் வெப்பச் சோதனைக் கருவியே அதை வைரம் என்று சொல்லிவிடும். மின்சாரம் கடத்துவதையும் சேர்த்துச் சோதிக்கும் கருவி வேண்டும். உருப்பெருக்கியில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் மொய்சனைட்டின் பட்டை விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும்.

மூன்றாவது வகை, ஆய்வுக்கூட வைரம். இது போலியன்று. 1954-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் வைரம் செய்து காட்டினார்கள். இன்று நகைக்கேற்ற கற்களையே செய்கிறார்கள். அதே கரிமம், அதே உறுதி, அதே மினுக்கு. வெறுங்கண்ணாலோ கைக்கண்ணாடியாலோ பிரிக்க முடியாது. சிறப்புக் கருவிகள் உள்ள கூடத்தில்தான் முடியும். பத்தாண்டுகளாக அதன் விலை வெகுவாகச் சரிந்து, சுரங்க வைரத்தின் விலையில் ஒரு சிறு பங்காகிவிட்டது. அழகுக்காக மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆய்வுக்கூடக் கல்லைச் சுரங்கக் கல்லின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது. “இது சுரங்கத்ததா, ஆய்வுக்கூடத்ததா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பெரிய கல்லென்றால் ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற கூடங்களின் தரச்சான்று கேளுங்கள். சான்றில் ஓர் எண் இருக்கும். பல கற்களின் ஓரத்திலும் அதே எண்ணை நுண்ணிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். கடைக்காரரின் கண்ணாடியிலேயே இரண்டையும் ஒத்துப் பாருங்கள். 10, 20 சென்ட் கற்களுக்குப் பெரும்பாலும் தனிச் சான்று இருக்காது. அப்போது ரசீதே சான்று. அதில் என்னென்ன இருக்க வேண்டும்? வைரம் என்ற சொல், சுரங்கத்ததா ஆய்வுக்கூடத்ததா என்பது, கல்லின் எடை, நிறம், தெளிவு, தங்கத்தின் தரம், கல்லைக் கழித்த தங்கத்தின் எடை, கூலி, திரும்ப எடுத்தால் என்ன கொடுப்பார்கள் என்பது. கல்லின் எடைக்கும் சேர்த்துத் தங்க விலை போடுகிறவர்கள் உண்டு. ஆகவே தங்கத்தைத் தனியாக, கல்லைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நம் பெரியவர்கள் வைரம் வாங்கினால் ராசிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் அதற்கு இணங்குவதுண்டு. ராசியை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அந்தச் சில நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம்பிக்கையான பத்தர் ஒருவரிடமோ வேறொரு கடையிலோ கல்லைக் காட்டிவிடுங்கள்.

ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பிரச்சினை எழுந்த மூன்றாண்டுகளுக்குள் போக வேண்டும், கையில் ரசீது வேண்டும். எங்களிடம் ஆண்டும் கடந்திருந்தது, ரசீதும் வாய் திறக்கவில்லை.

வாங்கிய பிறகு பேணுவது ஒரு கலை. வைரத்தில் எண்ணெய்ப்பசை எளிதில் ஒட்டும். சுரங்கங்களிலேயே மசகு பூசிய மேசைமேல் கற்களை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெயும் ரப்பர்ப் பாலும் பட்டுக் கல் மங்கினால் கவலை வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். ஒரு கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள். குழாயடியில் கழுவினால் சாக்கடைக்குப் போய்விடும். பால் வெட்டவும் குலை சுமக்கவும் போகும்போது கழற்றி வையுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளை ஆண்டுக்கொரு முறை பத்தரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. வைரம் சேமிப்பாகாது. ஆத்திர அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் தங்கத்தின் எடைக்குத்தான் பணம் கிடைக்கும். கல்லை விற்கப் போனால் வாங்கிய விலையில் பெரும்பகுதி போய்விடும். குடும்பத்துக்குப் பிற்காலத்தில் உதவ வேண்டும் என்று நினைத்தால் 916 தங்கமாகப் போடுங்கள். அழகுக்கு என்றால், கையிருப்புக்குள் அடங்கும் சிறு வைரம் போதும். வட்டி முதலையிடம் கடன் வாங்கி வைரம் போடுவதைவிட வெறும் தங்க மோதிரம் போடுவது மானமுள்ள செயல். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது மோதிரத்துக்கும் பொருந்தும்.

எங்கள் தம்பி மனைவியின் மோதிரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். மூன்றாம் தீபாவளிக்கு அம்மா அந்தப் பழைய ரசீதை எடுத்துக்கொண்டு தாமே சம்பந்தி வீட்டுக்கு நடந்து போனார். “எனக்குப் படிக்கத் தெரியாது, படித்த பிள்ளைகளும் படிக்கவில்லை. ஏமாந்தது நாங்கள், உங்களை ஏமாற்றவில்லை” என்று சொல்லி ரசீதை அவர்கள் முன்னே வைத்தார். அந்த ஆண்டு பலகாரம் வந்தது. மோதிரத்தைத் தம்பி மனைவி உருக்கித் தம் மகளுக்கு ஒரு ஜோடித் தோடு செய்துவிட்டார். கல்லை மட்டும் நாங்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அறிவியல் பாடத்தில் கரிமத்தைப் பற்றிச் சொல்லும்போது அதை மாணவர்களிடம் கொடுத்து, “இது வைரமா, இல்லையா, எப்படிச் சொல்வாய்?” என்று கேட்பது வழக்கம். வாங்கி உற்றுப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கடைசியில் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: “கல்லைப் பார்த்தது போதும், ரசீதைக் கேள்.”